தண்ணீர் தெளிந்தது... மீன் செத்தது!



ஆண்டு மலர் என்றால் 'இளைஞனே எழுந்திரு', 'தாய்மை', 'நட்பு' என்றுதான் கட்டுரைகள் வந்து குவியும். நான் மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இருந்த சீனியர் அண்ணன் ஒருவர், "என்னடா, குழம்பா வறுவலா?" என்று கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. நாளைக்கு டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்பேனரும் டெஸ்டரும் கையில் எடுக்கப் போகிற நம் எல்லாருக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

இப்போதெல்லாம் மீன் தொட்டி வைக்கிற வீடுகளில் 'யூ.வி. ஸ்டெரிலைசர்' என்று ஒரு சாதனம் நுழைந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் உருளை. அதற்குள் புற ஊதாக் கதிர் விடும் விளக்கு. மோட்டார் தண்ணீரை இழுத்து அந்த விளக்கை ஒட்டி ஓடவிட்டு மறுபடி தொட்டிக்குள் தள்ளும். "இதை மாட்டினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்" என்பது கடைக்காரர் வாக்கு. அந்த வாக்கு முழுப் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மீதி உண்மையைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஆறு மீன்.

நூற்றைம்பது ரூபாய் கமிஷன்

இரண்டாம் ஆண்டு செமஸ்டர் லீவில் ஒரு மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடையின் பெயர் வேண்டாம். வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவுவது, ஃபில்டர் மாற்றுவது, மோட்டார் பார்ப்பதுதான் வேலை. எலக்ட்ரிகல் பையன் என்பதால் முதலாளிக்கு என்மேல் தனிப் பிரியம். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, தண்ணி கலங்குதுன்னு யாரு சொன்னாலும் யூ.வி. போட்டுடு. ரொம்ப யோசிக்காத." ஒரு யூ.வி. விற்றால் எனக்கு நூற்றைம்பது ரூபாய் கமிஷன். மெஸ் பில் பாக்கி வைத்திருப்பவனுக்கு அது சின்னத் தொகையா? நானும் யோசிக்கவில்லை.

ஒரு வீட்டில் ரிட்டயரான ஒரு சார். பேத்தியின் பிறந்த நாளுக்காக மூன்றடித் தொட்டி வாங்கி, எட்டு கோல்டு ஃபிஷ் விட்டிருந்தார். எட்டாம் நாளே தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெள்ளையாகிவிட்டது. நான் போனேன். தொட்டியை ஒரு பார்வை பார்த்தேன். "யூ.வி. போட்டா சரியாயிடும் சார்" என்றேன். ஒன்பது வாட்ஸ் யூனிட் ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன். மொத்தமே இருபது நிமிட வேலை.

நான்காம் நாள் போன் வந்தது. "தம்பி, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குப்பா. நல்லா இரு!" எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஏழாம் நாள் மறுபடி போன். "தம்பி... ஆறு மீன் போச்சுப்பா. தண்ணி சுத்தமாத்தானே இருக்கு. அப்புறம் ஏன்?"

ஓடினேன். தண்ணீர் அவர் சொன்ன மாதிரியே பளிங்கு. தொட்டியின் அந்தப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் தேதிகூட இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது. மிச்சம் இருந்த இரண்டு மீனும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தக் குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணா, நீங்க லைட் போட்டதாலதான் செத்துப் போச்சா?" என்று கேட்டது. என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதால்தான் இந்தக் கட்டுரையே.

சித்தப்பா எடுத்த வைவா

சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் என் சித்தப்பா ஒருவர் சிமெண்டுத் தொட்டிகளில் மீன் குஞ்சு வளர்க்கிறார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஹெச்.ஓ.டி. எடுக்கிற வைவாவைவிடக் கடுமையாக இருந்தது.

"தொட்டி வச்சு எத்தனை நாளு?"

"எட்டு நாள் சித்தப்பா."

"தண்ணி எந்தக் கலர்ல கலங்கியிருந்தது?"

"வெள்ளை."

"எவ்வளவு தீனி போட்டாங்க?"

"கேக்கல."

"அம்மோனியா பாத்தியா?"

"பாக்கல சித்தப்பா."

"அப்புறம் என்னத்தடா பாத்த?"

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். மீன் மூச்சு விடும்போது செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மீந்துபோன தீனியும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு விஷம். தண்ணீரில் காரத்தன்மை கூடக்கூட, சூடு கூடக்கூட அந்த விஷமும் கூடும். பழகிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் அவ்வளவு ஆபத்து இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியாக் குடும்பம் புதுத் தொட்டியில் வந்து குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். எட்டு நாள் தொட்டியில் எட்டு மீனை விட்டு, ஒரு குழந்தை ஆசை ஆசையாக நாலு வேளையும் தீனி போட்டால்?

அந்த வெள்ளைக் கலங்கல் வேறு ஒன்றும் இல்லை. தண்ணீரில் அழுகுகிற பொருள் அதிகமாகி, அதைத் தின்று பெருகிய மிதக்கும் பாக்டீரியாக் கூட்டம். 'இங்கே தீனி அதிகம், கழிவு அதிகம், கவனி' என்று தொட்டி கொடுத்த எச்சரிக்கை அது. நான் போட்ட யூ.வி. விளக்கு அந்த மிதக்கும் கூட்டத்தைக் கொன்றது. தண்ணீர் தெளிந்தது. அம்மோனியா அப்படியே இருந்தது. ஏனென்றால் அது உயிர் இல்லை, கரைந்திருக்கும் ரசாயனம். தொட்டியில் மாட்டுகிற யூ.வி. விளக்கால் அதைத் தொட முடியாது. தண்ணீர் தெளிவாகிவிட்டதால் சாருக்கும் நிம்மதி, குழந்தைக்குக் குஷி. தீனி இன்னும் அதிகமாக விழுந்தது.

ஆகவே அந்தக் குழந்தையின் கேள்விக்குப் பதில்: லைட் மீனைக் கொல்லவில்லை கண்ணு. மீன் சாகப் போகிறது என்று தண்ணீர் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

விளக்கு செய்வது என்ன?

இவ்வளவு சொன்னதால் நான் யூ.வி.க்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அறிவியல் சுத்தமானது, அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. சூரிய ஒளி பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கிறது என்று டவுன்ஸ், பிளண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1877-இல் காட்டினார்கள். ஒளியால் தோல் காசநோய்க்குச் சிகிச்சை செய்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். பிரான்சில் மார்செய் நகரில் 1910-லேயே குடிநீரைப் புற ஊதாக் கதிரால் சுத்தம் செய்து பார்த்துவிட்டார்கள். இன்று நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் யூ.வி. வாட்டர் ஃபில்டரும் அந்த வம்சம்தான்.

உள்ளே இருப்பது குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. நம் டியூப் லைட்டின் சொந்த அண்ணன். டியூப் லைட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பாஸ்பர் பூச்சு இருக்கும். அது புற ஊதாவை வெளிச்சமாக மாற்றும். இதில் அந்தப் பூச்சு இல்லை. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் குவார்ட்ஸ் குழாய் போடுகிறார்கள். வெளிவரும் கதிரின் அலைநீளம் முக்கியமாக 254 நானோமீட்டர். இது உயிரணுவின் டி.என்.ஏ.வைப் பழுதாக்கும். பழுதான செல் பெருக முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அப்பளம் காயப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் காய்ந்தது என்ற இரண்டையும் பெருக்கினால்தான் கணக்கு. யூ.வி.யிலும் அதேதான். கதிரின் வலிமை பெருக்கல் நேரம். மோட்டார் வேகமாகத் தள்ளினால் தண்ணீர் விளக்கின் பக்கத்தில் நிற்கும் நேரம் குறையும், கிருமி தப்பித்துவிடும். மிதக்கும் பாசிக்குக் கொஞ்சம் போதும். வெள்ளைப் புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணிக்குப் பல மடங்கு அதிகம் வேண்டும். அதற்குத் தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும். அப்போதும் தண்ணீரில் நீந்தும் பருவத்தில் இருப்பவை மட்டும்தான் மாட்டும். மீன் உடம்பில் புதைந்திருப்பது சொகுசாகத்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. மொத்தம் இரண்டு கன அடி, சுமார் 57 லிட்டர். மணிக்கு 300 லிட்டர் தள்ளும் மோட்டார் என்றால் 12 நிமிடத்தில் 57 லிட்டரும் விளக்கைக் கடந்துவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. சுத்தமான தண்ணீர் அதே தொட்டியில் வந்து கலப்பதால், அந்த 12 நிமிடத்தில் சுமார் 63 சதவீதம் தண்ணீர்தான் விளக்கைப் பார்த்திருக்கும். 37 சதவீதம் பாக்கி. இரண்டாம் சுற்றில் 14 சதவீதம் பாக்கி. மூன்றாம் சுற்றில் 5 சதவீதம். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் கர்வ் ரெக்கார்டில் வரைந்தோமே, அதே வளைவு! பாக்கி குறைந்துகொண்டே போகும், பூஜ்யம் ஆகாது. மீதி இருப்பதற்கு வெளிச்சமும் சத்தும் கிடைத்துக்கொண்டே இருந்தால் அது பெருகிக்கொண்டே இருக்கும். விளக்கு வீக்கானதும் பழைய குருடி கதவைத் திறடி.

எல்லாக் கலங்கலும் ஒரே கலங்கல் இல்லை

என் கட்சி இதுதான்: முதலில் காரணம், பிறகு கருவி. கலங்கல் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, அதில் குறைந்தது நான்கு ஜாதி உண்டு.

பச்சைக் கலங்கல்: கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மிதக்கும் பாசி. ஜன்னல் வெயில் தொட்டியில் விழுவது, ராப்பகலாக லைட் எரிவது, அதிகத் தீனி ஆகியவை காரணம். யூ.வி. உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் இதுதான். சில நாட்களில் தெளிந்துவிடும். ஆனால் செத்த பாசி தண்ணீரிலேயே கிடந்து மட்கி மறுபடி சத்தாகும். அதை ஃபில்டர் பிடிக்க வேண்டும். தண்ணீரும் மாற்ற வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய பாசியை யூ.வி. ஒன்றும் செய்யாது. அதற்குக் கையும் ஸ்கிரப்பரும்தான்.

வெள்ளைக் கலங்கல்: மேலே சொன்ன என் சோகக் கதை. தீனியை நிறுத்து, அம்மோனியா பார், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்று, காற்று அதிகம் விடு. பெரும்பாலும் தானாகவே தெளியும்.

மண் கலங்கல்: கழுவாமல் போட்ட மணல், கூழாங்கல் தூசி. தூசிக்கு டி.என்.ஏ. கிடையாது. யூ.வி. என்ன செய்யும்? நெருக்கமான பஞ்சுதான் மருந்து.

டீ கலர்: தொட்டியில் போட்ட மரக்கட்டையிலிருந்து இறங்கும் சாயம். இதற்குக் கரி ஃபில்டரும் தண்ணீர் மாற்றுவதும்தான் வழி. இந்தச் சாயம் புற ஊதாக் கதிரைக் குடித்துவிடுவதால் மாட்டிய யூ.வி.யும் பாதிச் சோம்பேறியாகிவிடும்.

வெறும் கண்ணாலேயே, ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீரை மொண்டு பார்த்தாலே, இந்த நான்கில் எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் செலவழிக்கவில்லை.

இன்னொன்றும் சித்தப்பா சொன்னார். "பச்சைத் தண்ணின்னா ஏன்டா எல்லாரும் பயப்படுறீங்க? குஞ்சுக்கு அது பால் மாதிரி." அவர் தொட்டிகளில் வேண்டுமென்றே வெயில் விழவைத்துப் பச்சைத் தண்ணீர் வளர்க்கிறார். அதில் நுண்ணுயிர்கள் பெருகும். பொடிக் குஞ்சுகள் அதைத் தின்று தேறும். நமக்குப் பார்க்க அசிங்கமாக இருப்பது மீனுக்குச் சாப்பாட்டு மேஜையாக இருக்கலாம். தண்ணீர் தெளிவாக வேண்டும் என்பது பெரும்பாலும் நம் கண்ணுக்காக. நல்லதாக வேண்டும் என்பதுதான் மீனுக்காக.

யூ.வி. இல்லாத காலத்தில்

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு ரசாயன அறிஞர். 1850-இல் அவர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். ஒரு பாத்திரத்தில் பொன்மீன் விட்டு, வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை வைத்தார். மீன் விடும் கழிவுக் காற்றைச் செடி எடுத்துக்கொள்ளும். செடி விடும் ஆக்ஸிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கெட ஆரம்பித்தது. அவர் என்ன செய்தார்? அழுகல்தான் காரணம் என்று கண்டுபிடித்து, அந்த அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டார். தண்ணீர் தெளிந்தது.

மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, யூ.வி. இல்லை. காரணத்தைத் தேடினார், காரணத்துக்கு வைத்தியம் செய்தார். நோயை அறிந்து, அதன் மூலத்தையும் அறிந்து, பிறகு வைத்தியம் செய்யச் சொன்ன வள்ளுவரைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய நாம், ஒரு நத்தை அளவு யோசிக்காமல் ஒன்பது வாட்ஸ் விளக்கை மாட்டிவிட்டு வருகிறோம்.

"காசு இருக்கிறவன் வாங்கட்டுமே!"

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ரூம் மேட் ஒருவன் மடக்கினான். "உனக்கு என்னடா? காசு இருக்கிறவன் வாங்குறான், கடைக்காரன் பிழைக்கிறான். அதுல பாதிப் பேருக்குப் பயன்படவும் செய்யுது. நீ ஏன் நடுவுல?"

நியாயமான கேள்வி. யூ.வி. உண்மையில் தேவைப்படுகிற இடங்கள் உண்டு. வெயிலை மறைக்க முடியாத மொட்டை மாடிக் குளம். பல தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர் சுற்றிவரும் கடை; அங்கே ஒரு தொட்டியின் நோய் எல்லாத் தொட்டிக்கும் போகாமல் குறைக்க யூ.வி. பெரிய உதவி. ஜன்னலை மறைத்து, லைட்டைக் குறைத்து, தீனியைக் குறைத்து, தண்ணீர் மாற்றியும் பச்சை போகாத தொட்டி. இந்த மூன்று இடத்திலும் நானே மாட்டிக் கொடுப்பேன், மனசாட்சியோடு. ஃபில்டர் பஞ்சில் ஒட்டியிருக்கும் நல்ல பாக்டீரியாவை அது கொல்லுமோ என்ற பயமும் வேண்டாம். விளக்கைத் தாண்டி ஓடும் தண்ணீரில் இருப்பதைத்தான் அது தொடும்.

ஆனால் மாட்டிவிட்டால் அத்தோடு முடிந்ததா? இல்லை. இந்த விளக்கின் ஆயுள் சாதாரணமாக 8000 மணி நேரம் அளவில். இருபத்துநாலு மணி நேரமும் எரிந்தால் பதினொரு மாதம். அதற்குப் பிறகும் நீல வெளிச்சம் அழகாகத் தெரிந்துகொண்டே இருக்கும். கொல்லும் கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். எரிகிறதே என்று மூன்று வருடம் அதே விளக்கை வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். போர் தண்ணீரில் உப்பு அதிகமான இடங்களில் குவார்ட்ஸ் குழாய்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை படியும். கதிர் வெளியே வராது. சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் துடைக்க வேண்டும். மீனுக்கு மருந்து போடும்போது யூ.வி.யை அணைத்துவிட வேண்டும். பல மருந்துகளை அது சிதைத்துவிடும். ஒன்பது வாட்ஸ் விளக்கு மாதம் முழுக்க எரிந்தால் ஆறரை யூனிட் கரண்ட். இதையெல்லாம் வாங்குகிறவரிடம் யார் சொல்வது? மாட்டப் போகிற நாம்தான் சொல்ல வேண்டும். நடுவில் நான் ஏன் என்றால், நடுவில் நிற்பவனே நான்தான் மச்சி.

கண் பத்திரம்!

இது எல்லாவற்றையும்விட முக்கியம். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அதே ரூம் மேட், பழைய யூனிட் ஒன்றை ரிப்பேருக்கு நான் கொண்டுவந்தபோது, உள்ளே விளக்கு எரிகிறதா என்று மூடியைக் கழற்றி ஆன் செய்து பத்து நிமிடம் நோண்டிக்கொண்டிருந்தான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு, "கண்ணுல மணல் அள்ளிக் கொட்டின மாதிரி இருக்குடா" என்று அலறி எழுந்தான். வெல்டிங் ஷாப்பில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஆர்க்கைப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். இரண்டும் ஒன்றேதான்: கருவிழியின் மேல்தோல் வெந்துபோவது. அடிபட்ட சில மணி நேரம் கழித்துத்தான் வலி வரும். காலையில் கண் டாக்டரிடம் போனோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நல்ல வேளை, உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைக்கிற கை வைத்தியத்துக்கு அவன் சம்மதிக்கவில்லை.

கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் மங்கிய நீலம் விளக்கு விடும் ஒளியில் ஒரு சின்னத் துணுக்கு. வெளிச்சம் குறைவாக இருப்பதால் கண் கூசாது, இமை மூடாது. அதுதான் ஆபத்து. 2020-இல் கொரோனா நேரத்தில் யூ.வி. விளக்குகள் கண்டபடி விற்றபோது, கையையோ தோலையோ அதில் காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது நினைவிருக்கலாம். மூடி எதுவும் இல்லாமல் வெறும் விளக்காகத் தொட்டியில் முக்கச் சொல்லி விற்கும் மலிவுச் சரக்கைத் தொடவே வேண்டாம். அது மீன் கண்ணுக்கும் ஆகாது, நம் கண்ணுக்கும் ஆகாது. விளக்கு எரிகிறதா என்று பார்க்க, நல்ல யூனிட்டில் சின்னதாக ஒரு ஜன்னலோ ஒளி தெரியும் பாகமோ இருக்கும். அதில் நீலம் தெரிந்தால் போதும்.

எலக்ட்ரிகல்காரன் என்ற முறையில் இன்னும் மூன்று வார்த்தை. தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். வயரை பிளக்கைவிடத் தாழ ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். வயர் வழியாக வழியும் தண்ணீர் கீழே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத லைனில் எந்தத் தொட்டிச் சாமானையும் மாட்டாதீர்கள். விளக்கு உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பம் போடாமல், அட்டையால் அள்ளி மூடிக் கட்டுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, பி.இ. படித்தவர் வரைபடம் போடுவார். கம்பெனி முதலாளி விலை போடுவார். ஆனால் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் நாம்தான். மீன் தொட்டி மட்டுமா? மோட்டார் சுற்றவில்லை என்றால் உடனே காயில் மாற்று, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால் உடனே கேஸ் ஏற்று, வோல்டேஜ் குறைந்தால் உடனே ஸ்டெபிலைசர் மாட்டு... எல்லாம் ஒரே வியாதி. லேபில் மூன்று ரீடிங் எடுக்காமல் ரெக்கார்டில் எழுதினால் சார் கிழித்துப் போடுகிறார். வெளியே போனதும் ஒரு ரீடிங்கும் எடுக்காமல் பில் போடுகிறோமே, அதை யார் கிழிப்பது?

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட்டின் விலை ஒரு கலை விழா பேனர் செலவைவிடக் குறைவு. அதில் ஒன்றிரண்டு வாங்கி வைத்தால், பகுதி நேர வேலை பார்க்கும் மாணவர்கள் மாற்றி மாற்றி எடுத்துப் போகலாம். வெல்டிங் கண்ணாடி போடாமல் ஆர்க் பக்கம் போகக்கூடாது என்று ஷாப்பில் எழுதி வைத்திருப்பது போல, யூ.வி. விளக்கைப் பற்றியும் எலக்ட்ரிகல் லேபில் ஒரு போர்டு எழுதி வைக்கலாம்.

கடைசியாக அந்த வீட்டுக் கதை. சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். என் கமிஷன் நூற்றைம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்; வாங்க மறுத்தார். "அந்தக் காசுக்கு எதாவது டெஸ்ட் வாங்கிக்கப்பா" என்றார். அப்படித்தான் என் முதல் கிட் வந்தது. சித்தப்பா வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து பாக்டீரியா ஊறிய பஞ்சு ஒன்றைக் கொண்டுபோய் அவர் ஃபில்டரில் வைத்தேன். தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை, அதுவும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் என்று குழந்தையிடம் சத்தியம் வாங்கினேன். வாரம் இரண்டு முறை போய்க் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். ஐந்தாவது வாரம் குழந்தையையே சொட்டு மருந்து விடச் சொன்னேன். டெஸ்ட் டியூப் மஞ்சளாகவே நின்றது. அந்தக் கிட்டில் மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை என்று அர்த்தம். "பாஸா அண்ணா?" என்று கேட்டது. "பாஸ்" என்றேன்.

இரண்டு மீனும் உயிரோடு இருக்கின்றன. யூ.வி. யூனிட் அட்டைப் பெட்டியில் பரண்மேல் இருக்கிறது. அந்தக் கடையில் இப்போது நான் இல்லை.

அடுத்த முறை யாராவது உங்களிடம், "தம்பி, தண்ணி கலங்குது, என்ன போடலாம்?" என்று கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தக் கலர்ல கலங்குது சார்?"

– மூன்றாம் ஆண்டு மாணவர்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை